பீரிலிருந்து பீட் விஸ்கிக்கு: புகை எங்கே கிடைக்கிறது, எங்கே தொலைகிறது

கேள்வி: 9 பிப்ரவரி 2023

சில வருடங்களாக வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) அரைப்பது, அதை வெந்நீரில் ஊறவைத்து மாஷ் வைப்பது, ஈஸ்ட்டைப் பார்த்துக்கொள்வது எல்லாம் கைக்குப் பழகிவிட்டன. அடுத்து ஸ்காட்லாந்தின் ஐலா தீவுப் பாணியில் பீட் விஸ்கி வடிக்க ஆசை; பீட் என்ற சதுப்புநில மண்ணை எரித்து, அந்தப் புகை ஏறிய மால்ட்டில் செய்வது. பாதி வேலை ஏற்கெனவே தெரியும், ஒரு வடிகலன் வாங்கினால் போதும் என்று நினைக்கிறேன். புகை அதிகமுள்ள மால்ட் போட்டால் புகை அதிகமுள்ள விஸ்கி கிடைக்கும் அல்லவா?

10 பிப்ரவரி 2023

உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஐலா தீவில் லாகவூலின், கௌல் ஈலா என்ற இரண்டு ஆலைகளுக்கும் போர்ட் எலன் மால்ட் கூடத்திலிருந்துதான் மால்ட் போகிறது. புகை வாசனையைத் தரும் பீனால்களின் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான், பத்து லட்சத்தில் சுமார் 35 பங்கு. ஆனால் லாகவூலினின் புகை கனமானது, எண்ணெய்ப் பசையோடு தொண்டையில் தங்குவது. கௌல் ஈலாவின் புகை மெலிந்தது, எலுமிச்சைத் தோலின் வாசனையோடு வந்து சீக்கிரம் விலகிவிடும். ஒரே மால்ட்டிலிருந்து இவ்வளவு தூரம் விலகிய இரண்டு விஸ்கிகள் வருகின்றன என்றால், மீதிக் கதை முழுவதும் வடிகலனிலும், வடிந்து வருவதில் எதை எடுத்து எதை ஒதுக்குகிறார்கள், அதாவது எங்கே வெட்டுகிறார்கள் என்பதிலும் இருக்கிறது. லாகவூலினில் வடிகலனை நிறைய நிரப்புகிறார்கள். ஆவி செம்பைத் தொட இடம் குறைவு. கௌல் ஈலாவில் குறைவாக நிரப்புகிறார்கள்.

பாதி வேலை தெரியும் என்பது உண்மை. மறு பாதி, தெரிந்த பாதிக்கு எதிராக வேலை செய்யும் என்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பீர் காய்ச்சுபவரின் மூக்கு எதை அழுக்கு என்று எண்ணி ஒதுக்குகிறதோ, பீட் விஸ்கியின் உயிர் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

10 பிப்ரவரி 2023, இரவு

சட்டம் பற்றிக் கேட்காமலேயே சொல்கிறேன். பீருக்குக் கிடைத்த அனுமதி வடிப்புக்குப் பொருந்தாது. பிரிட்டனில் 1963 முதல் வீட்டு பீருக்கு உரிமம் வேண்டாம். வடிப்பதற்கு இன்றும் வேண்டும். அமெரிக்காவில் 1978-இல் கொண்டுவந்த சட்டம் வீட்டு பீரை அனுமதித்தது, வடிப்பதை அல்ல. நியூசிலாந்து 1996-இல் சொந்த உபயோகத்துக்கு வடிப்பதை அனுமதித்தது. இப்படி அனுமதிக்கும் நாடுகள் மிகச் சில. நான் இருக்கும் இடத்தில் அனுமதி உண்டு. உங்கள் இடத்தில் இல்லையென்றால் புகை மால்ட் பீரோடு நில்லுங்கள், அல்லது உரிமம் உள்ள ஒரு சிறிய ஆலையில் கூடமாட வேலை செய்து கற்றுக்கொள்ளுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

12 பிப்ரவரி 2023

மாஷ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இங்கே உங்களுக்குப் பெரிய சிரமம் இல்லை. ஆனால் மூன்று பழக்கங்களை மாற்ற வேண்டும்.

முதலாவது வெப்பநிலை. பீருக்கு 66, 67 டிகிரியில் வைத்து வாயில் கொஞ்சம் கனம் மிஞ்சும்படி செய்கிறோம். விஸ்கிக்கு அந்தக் கனத்தால் ஒரு பயனும் இல்லை. அது வடிகலனின் அடியிலேயே தங்கிப் போகும். 63, 64-இல் வையுங்கள். அடுத்தடுத்த நீரை மட்டும் சூடாக விடலாம். ஆலைகளில் கடைசி நீரில் வரும் மெல்லிய இனிப்பை வீணாக்காமல் அடுத்த மாஷின் முதல் நீராக வைத்துக்கொள்கிறார்கள். தொடர்ந்து காய்ச்சுபவர் வீட்டிலும் இதைச் செய்யலாம்.

இரண்டாவது, கொதிக்க வைக்காதீர்கள். பீர்க்காரர்களுக்கு இதை ஏற்றுக்கொள்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். மாஷிலிருந்து வடித்த இனிப்பு நீரான வோர்ட்டை ஒரு மணி நேரம் கொதிக்கவிடாமல் ஈஸ்ட் போடுவதென்றால் கை நடுங்கும். ஆனால் கொதித்தால் மால்ட்டின் நொதிகள் செத்துவிடும். கொதிக்காத வோர்ட்டில் அவை தொட்டியில் விழுந்த பிறகும் மாவுச்சத்தை உடைத்துக்கொண்டே இருக்கின்றன. ஈஸ்ட் அதைத் தின்றுகொண்டே இருக்கிறது. நீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்தால், பீர் 1.010, 1.012 என்று நிற்கும் இடத்தில் வாஷ் (வடிப்பதற்கான நொதித்த வோர்ட்) 1.000-க்கும் கீழே, 0.998 வரை இறங்கும். ஹைட்ரோமீட்டர் அவ்வளவு தாழ்ந்து மிதப்பதை முதல்முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

மூன்றாவது, சுத்தம். பாத்திரம் கழுவுவதை விடச் சொல்லவில்லை. ஆனால் கொதிக்காத வோர்ட்டில் லாக்டிக் பாக்டீரியா வரத்தான் செய்யும். ஈஸ்ட் தன் வேலையை முடித்த பிறகு அது வந்தால் நல்லது. பழ வாசனை கூடும். ஸ்காட்லாந்தில் 48 மணி நேரத்தில் நொதிப்பை முடிக்கும் ஆலையும் உண்டு, 100 மணி நேரம் விடும் ஆலையும் உண்டு. நீண்ட நொதிப்பின் பலன் பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் கிடைக்கிறது. நான் வாரம் முழுவதும் விடும் பக்கம்.

12 பிப்ரவரி 2023

பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்கள் வேண்டாம். ஒரு பிடிகூட வேண்டாம். ஹாப்ஸின் எண்ணெய் ஆவியோடு ஏறி வந்துவிடும். அதை விரும்பி வடிப்பவர்கள் இருக்கிறார்கள், அது வேறொரு பானம். புகையோடு அது சேராது.

15 பிப்ரவரி 2023

ஈஸ்ட். பீரில் 18, 20 டிகிரிக்கு மேல் போனால் நமக்குத் தூக்கம் வராது. விஸ்கி ஈஸ்ட்டை 20-இல் போட்டு, அது தானாக ஏறி 32, 33 வரை போவதை வேடிக்கை பார்க்கலாம். அதற்கென்றே தேர்ந்தெடுத்த இனம் அது. பீர் ஈஸ்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இல்லை. விளைச்சல் கொஞ்சம் குறையும், பழத்தன்மை கூடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கோதுமை பீருக்கும் பெல்ஜியப் பாணிக்கும் பயன்படுத்தும் ஈஸ்ட்டுகள் தாமாகவே கிராம்பு வாசனையுள்ள ஒரு பீனாலை உண்டாக்கும். அது பீட்டின் பீனால் அல்ல, ஆனால் வடித்த பிறகு இரண்டும் ஒன்றோடொன்று மோதும். பீட் மால்ட்டுக்கு நடுநிலையான ஈஸ்ட்டே நல்லது.

19 பிப்ரவரி 2023

இன்னொருவர் பீனால் எண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார்: 50 உள்ள மால்ட் கிடைக்கிறது, அதைவிட அதிகமானதைத் தேட வேண்டுமா என்று.

புட்டியின் மேல் அச்சிடும் அந்த எண் மால்ட்டின் எண். ஐலா ஆலைகளில் போமோர் 25 அளவில், லஃப்ராய்க் 40-ஐ ஒட்டி, ஆர்ட்பெக் 50-க்கு மேல். புகை ஏறிய தவிடு மாஷ் தொட்டியில் தங்கிவிடுகிறது. கொஞ்சம் வடிகலனின் அடி நீரோடு போய்விடுகிறது. இன்னும் கொஞ்சம் வடிப்பின் கடைசியில் வெட்டி ஒதுக்கும் வாலோடு போகிறது. வடித்துக் கையில் வரும்போது பாதிக்கும் கீழே வந்துவிடும். பீப்பாயில் வருடங்கள் போகப்போக இன்னும் குறையும்.

ப்ரூக்லாடி ஆலையின் ஆக்டோமோர் வரிசையில் 8.3 என்ற பதிப்புக்கு மால்ட்டில் 309.1. அதைக் குடித்தவர்கள் யாரும் லஃப்ராய்க்கைப் போல ஏழு மடங்கு புகை என்று சொல்வதில்லை. அங்கே வடிகலன்கள் உயரமானவை, கழுத்து ஒடுங்கியது. கனமான ஆவி பாதி வழியிலேயே திரும்பிக் கீழே விழுந்துவிடும்.

அதனால் என் பதில்: 35 முதல் 45 வரை உள்ள மால்ட்டே போதும். மிச்சப்படும் பணத்தை நல்ல செம்புக்கும் ஒரு தீயணைப்பானுக்கும் செலவிடுங்கள்.

20 பிப்ரவரி 2023

தீயணைப்பான் என்று போகிறபோக்கில் எழுதியதை விரிவாகச் சொல்லாமல் விடக் கூடாது.

புதியவர்கள் எல்லாரும் மெத்தனாலைக் கண்டு பயப்படுகிறார்கள். மெத்தனால் பெரும்பாலும் பழங்களில் உள்ள பெக்டினிலிருந்து வருவது. பார்லி மால்ட் வாஷில் அது மிகச் சொற்பம். வடிப்பதால் புதிதாக உண்டாவதும் இல்லை. செய்திகளில் படிக்கும் விஷச் சாராயச் சாவுகளுக்குக் காரணம் தொழிற்சாலை மெத்தனாலைக் கலப்பது. முதலில் வரும் தலையை ஒதுக்குவது அசிட்டால்டிஹைடுக்காகவும் எத்தில் அசிட்டேட்டுக்காகவும், அதாவது பசை வாசனைக்காகவும் மறுநாள் தலைவலிக்காகவும். ஒதுக்கத்தான் வேண்டும், ஆனால் காரணத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டு ஒதுக்குங்கள்.

உண்மையில் உயிரை எடுப்பது தீ. சாராய ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் எங்கோ இருக்கும் சுடரைப் பிடிக்கும். காற்றில் 3.3 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே:

குளிர்நீர் ஓடத் தொடங்கிய பிறகே சூடேற்ற வேண்டும். ஆவி வெளியேறும் வழியில் எந்த அடைப்பானும், எந்த வால்வும் இருக்கக் கூடாது. மூடிய வடிகலன் ஒரு வெடிகுண்டு. ஈயம் கலந்த பற்றவைப்பு வேண்டாம். சூடான ஆவியையோ சாராயத்தையோ பிளாஸ்டிக் தொடக் கூடாது. வடிந்து வருவதைக் கண்ணாடியில் அல்லது எவர்சில்வரில் பிடியுங்கள், அந்தப் பாத்திரம் அடுப்பிலிருந்து தள்ளி இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் வடிகலனை விட்டுத் தொலைபேசியை எடுக்கக்கூட நகராதீர்கள். வடிக்கும் நாளில் சுவைக்கவே சுவைக்காதீர்கள்; முகர மட்டும் செய்யுங்கள், முடிவை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பீரில் நடக்கும் மிகப் பெரிய விபத்து ஒரு புட்டி வெடிப்பது. இங்கே அப்படி இல்லை.

26 பிப்ரவரி 2023

விஸ்கியை இருமுறை வடிக்கிறோம். முதல் வடிப்பில் நுணுக்கம் குறைவு. வாஷை அடிமண்டியிலிருந்து தெளிய விட்டு, கரைந்திருக்கும் வாயுவைக் கலக்கி வெளியேற்றி, வடிகலனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் ஓட்டுங்கள். கொதிக்காத வோர்ட்டில் புரதம் அப்படியே இருப்பதால் நுரை பொங்கும். ஆலைகளில் முதல் வடிகலனின் கழுத்தில் கண்ணாடிச் சாளரம் வைத்து நுரை எங்கே ஏறுகிறது என்று பார்ப்பார்கள். உங்களிடம் சாளரம் இல்லாததால் நுரை எழும் கட்டத்தில் சூட்டைத் தணித்துக்கொள்ளுங்கள்.

இந்த வடிப்பில் எதையும் வெட்ட வேண்டாம். கடைசியாக 1 சதவீதம் வரும்வரை ஓட்டுங்கள். பீட் மால்ட்டுக்கு இது முக்கியம், ஏனென்றால் பீனால்கள் சோம்பேறிகள். கடைசி நீரோடுதான் எழுந்து வரும். சாராயம் தீர்ந்துவிட்டது, எரிபொருள் வீண் என்று 5 சதவீதத்தில் அணைத்தவர் புகையில் ஒரு பங்கை அடியில் விட்டுவிட்டார்.

அளவைப் பற்றி ஏமாறாதீர்கள். 7 கிலோ மால்ட்டில் 25 லிட்டர் வோர்ட், அதில் 8 சதவீத வாஷ். எல்லாம் முடிந்து இரண்டாம் வடிப்பின் நடுப்பகுதியாகக் கையில் நிற்பது 1 லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். இரண்டு பெட்டி பீர் ஆகியிருக்க வேண்டியது அது.

27 பிப்ரவரி 2023

இரண்டாம் வடிப்புக்கு வருகிறேன். இந்தப் பக்கம் முழுவதிலும் எனக்குச் சொல்ல ஆசையுள்ள பகுதி இதுதான்.

முதல் வடிப்புகளைச் சேர்த்து, 30 சதவீதத்துக்கு மேல் போகாமல் நீர் விட்டு, மெதுவாக ஓட்ட வேண்டும். நூல் போன்ற ஒழுக்கு போதும். முதலில் தலை, பிறகு நடு, பிறகு வால். வடிந்து வருவதைச் சிறு ஜாடிகளில் வரிசையாகப் பிடித்து எண்ணிட்டு வையுங்கள்.

புகையில்லாத மால்ட் என்றால் வேலை எளிது. பழமும் தேனும் வந்து, பிறகு தானிய வாசனை வந்து, ஈர அட்டையின் வாசனை தலைகாட்டும்போது நிறுத்திவிடலாம். பீர் காய்ச்சிப் பழகிய மூக்கு இதை மிகச் சரியாகப் பிடிக்கும். கெட்ட பீரின் வாசனைகளை வருடக்கணக்காகத் தேடிப் பழகிய மூக்கு அல்லவா?

பீட் மால்ட்டில் அதே மூக்கு நம்மை ஏமாற்றுகிறது. நடுப்பகுதியின் தொடக்கத்தில் புகையே இருக்காது. இருக்கிறது என்று தோன்றினாலும் மெல்லிய சாம்பல் வாசனைதான். சாராய வலு 65-க்குக் கீழே இறங்கும்போதுதான் புகை எழுந்து நிற்கிறது. 60-ஐ நெருங்கும்போது கடற்கரை, தார், அயோடின் எல்லாம் வரும். வலு குறைந்து நீர் கூடக்கூட பீனால்கள் ஆவியோடு ஏறுவது எளிதாகிறது. அதே இடத்தில்தான் வாலின் ஈர அட்டை வாசனையும் தொடங்குகிறது. இரண்டும் பின்னிப் பிணைந்து வருவதால் ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாது. சுத்தமாக வெட்ட நினைத்தால் புகை வெளியே போய்விடும்; புகை வேண்டுமென்றால் கொஞ்சம் வாலையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

லஃப்ராய்க் இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். தலையை 45 நிமிடங்கள் ஒதுக்குகிறார்கள், வேறெந்த ஆலையிலும் அவ்வளவு நேரம் பொதுவாகக் கிடையாது. இனிப்பும் பழமும் உள்ள முன்பகுதியைக் கணிசமாக விட்டுக்கொடுத்து, பின்பக்கம் 60 சதவீதம் வரை போகிறார்கள். அந்த விஸ்கியில் மருந்து வாசனை ஓங்கி நிற்பதற்கு மால்ட் பாதிக் காரணம், எங்கே தொடங்கி எங்கே வெட்டுகிறார்கள் என்பது மீதிக் காரணம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒரு காரியம் செய்தார். ஜாடிகளைத் துணியால் மூடி ஓர் இரவு வைக்கச் சொன்னார். மறுநாள் காலையில், வாலுக்குச் சற்று முன்னால் இருந்த ஒரு ஜாடியை எடுத்து, நீர் விட்டு 20 சதவீதத்துக்குக் குறைத்து என் கையில் கொடுத்தார். முந்தைய நாள் முகர்ந்தபோது ஈரச் சாக்கு வாசனை மட்டுமே இருந்த ஜாடி அது. இப்போது அதில் அணைந்த நெருப்பும் உப்புக்காற்றும் இருந்தன. என்னுடைய பீட் விஸ்கியில் எனக்கு வேண்டியிருந்தது முழுவதும் அந்த ஒரு ஜாடியில் இருந்தது. அவர் எதுவும் விளக்கவில்லை, அடுத்த ஜாடியை எடுத்துக் கொடுத்தார்.

28 பிப்ரவரி 2023

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 65, 60 என்ற எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறிய வடிகலனில் கழுத்து குட்டை, சூடு சீரில்லை, வெப்பநிலைக் கருவி எங்கே செருகியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் காட்டும் எண்ணும் மாறும். எண்கள் ஜாடியை எங்கே முகரத் தொடங்க வேண்டும் என்பதற்கான அடையாளம் மட்டும்.

மூக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகை மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாலைந்து ஜாடிகளை முகர்ந்த பிறகு எல்லாவற்றிலும் புகை இருப்பதாகத் தோன்றும், அல்லது எதிலுமே இல்லாததாகத் தோன்றும். வெளியே போய்க் காற்று வாங்கி வாருங்கள். வால் பக்கத்திலிருந்து தொடங்காமல் முன்பக்கத்திலிருந்து போங்கள்.

5 மார்ச் 2023

"முதல் தொகுதியில் நான் எதிர்பார்த்த புகையில் பாதிகூட இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். மால்ட்டைக் குறை சொல்லாதீர்கள். அந்தத் தலையையும் வாலையும் என்ன செய்தீர்கள்?

கொட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முதலில் வரும் சிறு பகுதியை மட்டும் எறிந்துவிட்டு, ஒதுக்கிய மற்ற எல்லாவற்றையும் அடுத்த முறை முதல் வடிப்போடு சேர்த்து மறுபடி வடிகலனில் விட வேண்டும். ஆலைகளும் ஒதுக்கியதை இப்படித்தான் மறுபடி வடிக்கின்றன. போன முறை வாலில் தங்கிய பீனால் இந்த முறை நடுப்பகுதிக்குக் கொஞ்சம் வரும். இந்த முறை மிஞ்சுவது அடுத்த முறைக்குப் போகும். சில சுற்றுகள் போன பிறகே வருவதும் போவதும் சமமாகும். அதுவரை ஒவ்வொரு வடிப்பும் முந்தையதைவிடப் புகை கூடியதாகத்தான் இருக்கும். முதல் தொகுதியை வைத்து உங்கள் வடிகலனையோ மால்ட்டையோ மதிப்பிடுவது அநியாயம்.

இதன் மறுபக்கம்: பீட் மால்ட்டின் மிச்சத்தைப் புகையில்லாத விஸ்கியில் ஊற்றினால் அந்தத் தொகுதி முழுவதும் புகைந்துவிடும். ஜாடியில் பெயர் எழுதி வையுங்கள்.

6 மார்ச் 2023

பெயர் எழுதுவது என்றதும் இதுவும். பீட் மால்ட் தொட்ட பிளாஸ்டிக் நொதிப்புத் தொட்டி, ரப்பர் வளையம், குழாய் எதையும் இனி பீருக்குக் கொண்டுபோகாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் வாசனை ஒட்டிக்கொண்டே இருக்கும். எவர்சில்வரும் கண்ணாடியும் பிரச்சினை செய்வதில்லை.

14 மார்ச் 2023

செம்பு பற்றிய கேள்விக்குப் பதில். முழு எவர்சில்வர் வடிகலன் மலிவு, கழுவ எளிது. ஆனால் நொதிப்பில் ஈஸ்ட் கந்தகச் சேர்மங்களை உண்டாக்குகிறது; அவற்றைப் பிடித்து வைப்பது செம்பு. செம்பே இல்லாமல் வடித்தால் அவிந்த முட்டைக்கோஸ், ரப்பர், இறைச்சி வாசனைகள் வரும். புதியவர்கள் பலர் இந்த ரப்பர் வாசனையைப் பீட் என்று நினைத்து மகிழ்ந்துபோகிறார்கள். இரண்டையும் பிரித்து அறிய ஒரு வழி உண்டு: ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, தேய்த்துக் கழுவிய ஒரு செம்புத் துண்டைப் போட்டு அரை மணி நேரம் வையுங்கள். மங்கிப் போவது கந்தகம், மங்காமல் நிற்பது புகை.

எவர்சில்வர் பானை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால் கழுத்தையும் குளிர்விப்பானையும் மட்டும் செம்பில் செய்யுங்கள். பெரும்பகுதி பலன் அதிலேயே கிடைத்துவிடும். ஒவ்வொரு வடிப்புக்குப் பிறகும் எலுமிச்சை உப்பு கரைத்த நீரில் கழுவி உலர விடுங்கள். களிம்பேறிய செம்பில் பிடிக்க வேண்டியதைப் பிடிக்கும் சக்தி இருக்காது.

2 ஏப்ரல் 2023

புகை பீரைப் பற்றி ஒருவர் நடுவில் கேட்டார். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்துப் புகை பீரான ரௌக்பியரைக் குடித்துப் பழகியவர் பீட் மால்ட்டிலும் அதே புகையை எதிர்பார்க்கிறார். அங்கே மால்ட்டைப் பீச் மர விறகில் உலர்த்துகிறார்கள். மரத்தின் லிக்னின் எரிந்தால் குவாயக்காலும் சிரிங்காலும் மிகுதி. புகையூட்டிய இறைச்சியின் வாசனை அதிலிருந்துதான் வருகிறது. பீட் என்பது பாசியும் புதரும் கோரையும் நீரில் ஊறி ஆயிரக்கணக்கான வருடங்கள் படிந்த மண். அதில் பீனாலும் கிரெசாலும் ஓங்கி நிற்கும்; கட்டுத்துணி, மருத்துவமனைத் தரை, தார் என்று நாம் சொல்லும் வாசனைகள் அவை. மர ஆதாரமுள்ள பீட்டில் ஒரு குணம், ஓர்க்னி தீவுகளின் மரமற்ற, ஹெதர் என்ற குறும்புதர் மூடிய நிலத்துப் பீட்டில் இன்னொரு குணம்.

அந்த மருந்து வாசனை பீரில் இருந்தால் நமக்குக் கெட்டுப்போன பீர். 10 சதவீதம் பீட் மால்ட் சேர்த்த பீரைக்கூட முழுக் கிளாஸ் குடிக்க என்னால் முடிவதில்லை. வடித்து, வருடக்கணக்கில் ஓக்கில் வைத்தால் அதே பொருளை நான் தேடிப் போகிறேன். ஏன் என்று இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பீரில் புகைக்கு எதிராக நிற்க மிச்ச இனிப்பும் கசப்பும் மட்டுமே உண்டு. விஸ்கியில் வலுவான சாராயமும் ஓக்கின் வனிலாவும் சேர்ந்து அதைத் தாங்குகின்றன. இப்போதைக்கு என் விளக்கம் இவ்வளவுதான்.

3 ஏப்ரல் 2023

இல்லை, நேற்று எழுதியதில் காலத்தையும் சேர்க்க வேண்டும். பீரை வாரங்களில் குடித்துவிடுகிறோம். புகைக்குத் தணிய அவகாசமே இல்லை.

21 மே 2023

ஓக் பற்றி. 2 லிட்டர், 5 லிட்டர் அலங்காரப் பீப்பாய்களைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். சிறு பீப்பாயில் சாராயத்தின் அளவுக்கு மரத்தின் பரப்பு மிக அதிகம். சில மாதங்களில் நிறமும் துவர்ப்பும் ஏறிவிடும். ஆனால் காற்றோடு சேர்ந்து மெல்ல நடக்க வேண்டிய மாற்றம் நடந்திருக்காது. மரச்சாறு குடித்ததுபோல இருக்கும். ஆவியாகிப் போவதும் அதிகம். ஸ்காட்லாந்தில் பெரிய பீப்பாய்களில் வருடத்துக்கு 2 சதவீதம் அளவில் போகிறது. குட்டிப் பீப்பாயில் அதைப் போலப் பல மடங்கு.

கண்ணாடி ஜாடியில் ஓக் துண்டுகளைப் போட்டு வைப்பதே வீட்டுக்கு ஏற்றது. பீட் விஸ்கிக்குப் புதிய ஓக்கைவிட ஏற்கெனவே போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயின் பலகைத் துண்டு நல்லது. அதன் முரட்டுத்தனத்தைப் போர்பன் முன்பே உறிஞ்சியிருக்கும், மிஞ்சியிருப்பது வனிலா. வலுவை 60-ஐ ஒட்டி வையுங்கள். ஆலைகளில் வழக்கமாக 63.5. வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றுப் படவிட்டு மூடுங்கள். துவர்ப்பு தெரியத் தொடங்கினால் மரத்தை எடுத்துவிட்டு ஜாடியை மட்டும் தொடர்ந்து வையுங்கள்.

மூன்று வருடம் என்பது ஸ்காட்ச் என்று அழைப்பதற்கான சட்டக் குறைந்தபட்சம், அதுவும் ஸ்காட்லாந்தில் செய்து ஓக் பீப்பாயில் வைத்தால்தான். உங்கள் ஜாடிக்கு அந்த விதி கிடையாது. பீட்டின் நல்ல காலம் இளமைதான் என்று நினைப்பவன் நான். பழைய பீட் விஸ்கிகளில் ஓக் பேசுகிறது, புகை ஒதுங்கி நிற்கிறது.

11 ஜூன் 2023

மால்ட்டை நாமே புகையூட்டலாமா என்ற கேள்விக்கு: ஊட்டலாம். முளைவிட்ட பச்சை மால்ட்டின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்போதுதான் புகை ஒட்டும். ஆலைகளில் உலர்த்தலின் முதல் மணி நேரங்களில் மட்டும் பீட் எரிப்பது இதனால்தான்; மேல்தோல் காய்ந்த பிறகு எவ்வளவு புகைத்தாலும் பெரிதாக ஏறாது. ஐலாவின் கில்கோமன் போன்ற சில ஆலைகள் இன்னும் தங்கள் தேவையில் ஒரு பங்கைத் தரையில் பரப்பி முளைக்கவைத்துத் தாங்களே புகையூட்டுகின்றன.

வீட்டில் முளைக்கவைக்கும் சிரமம் வேண்டாமென்றால், சாதாரண மால்ட்டின் மேல் நீர் தெளித்து, ஈரம் உள்ளே போகும்முன் சல்லடைத் தட்டில் பரப்பிப் புகைக்கலாம். பீட் கொழுந்துவிட்டு எரியக் கூடாது, கனன்றுகொண்டே இருக்க வேண்டும். சூடு ஏறினால் நொதிகள் போய்விடும், பிறகு மாஷில் மாவுச்சத்து அப்படியே நிற்கும். தானியத்தின் அருகில் 55 டிகிரிக்கு மேல் விடாதீர்கள். இடையிடையே லேசாக ஈரப்படுத்தலாம். முடிந்ததும் நன்றாக உலர்த்தி, ஒரு வாரமாவது காற்றாட வைத்துவிட்டு அரையுங்கள்.

பீட் வருடத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் படிகிறது. அதனால் நான் மூடிய பெட்டியில், கைப்பிடி அளவு பீட்டில், புகையை வெளியே விடாமல் சுற்றவிட்டுச் செய்கிறேன். திறந்த அடுப்பில் கட்டி கட்டியாக எரிப்பதைப் பார்த்தால் எனக்கு வலிக்கிறது.

18 ஜூன் 2023

கேட்டவர் கடைசியாகக் கலவை விகிதம் கேட்டிருக்கிறார். முழுவதும் பீட் மால்ட்டா, பாதியா?

முழுவதும் போடுங்கள். பிறகு புகையில்லாத மால்ட்டில் தனியாக ஒரு தொகுதி வடித்து வைத்துக்கொள்ளுங்கள்; அதை வால் தலைகாட்டும்முன்பே சுத்தமாக வெட்டுங்கள். பீட் தொகுதியைத் துணிந்து பின்னால்வரை வெட்டுங்கள். இரண்டையும் கிளாஸில் சொட்டுச் சொட்டாகக் கலந்து பார்த்து, பிடித்த விகிதத்தைக் கண்டுபிடித்த பிறகு ஜாடியில் கலக்குங்கள். மாஷில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. வெட்டும்போதும் பழத்துக்காக வெட்டுவதா, புகைக்காக வெட்டுவதா என்ற இழுபறி வரும். தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் அதனதன் இடத்தில் வெட்டலாம். என் அலமாரியில் இப்போது இருப்பது மூன்று பங்கு பீட், ஒரு பங்கு புகையில்லாதது. இரண்டுக்கு ஒன்று எப்படி இருக்கும் என்று அடுத்த தொகுதியில் பார்க்கப்போகிறேன். நீங்களும் பார்த்துவிட்டு எழுதுங்கள், ஜாடி எண்களோடு.